முக்கிமும் தோட்டமும்: கோலசிலாங்கூர் மாவட்டத்தின் ஆட்சிப் பிரிவுகள் – ஒரு வரலாற்று நோக்கு

சிலாங்கூர் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில், தென்கரையில் கோலசிலாங்கூர் நகரமும் வடகரையில் பாசிர் பெனம்பாங் சிற்றூரும் அமைந்துள்ளன. ‘கோல’ என்பது ஆற்றின் முகத்துவாரத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல். ‘பாசிர்’ என்றால் மணல். ‘பெனம்பாங்’ என்றால் கூலிக்கு ஓடம் செலுத்துபவர். பாலங்கள் தோன்றாத காலத்தில் இக்கரைக்கும் அக்கரைக்கும் மக்களை ஏற்றி இறக்கிய ஓடக்காரர்களின் நினைவை இவ்வூர்ப் பெயர் இன்றளவும் சுமந்து நிற்கிறது. ஊர்ப் பெயர்களையும் எல்லைகளையும் ஆராய்ந்தால் அவற்றினூடே ஆட்சியின் வரலாறும் குடிகளின் வரலாறும் புலப்படும் என்பதற்கு இவ்வட்டாரம் நல்லதொரு சான்றாகும்.

ஆறே எல்லை, ஆறே வாயில்

1766-ஆம் ஆண்டில் பூகிஸ் மரபினரான ராஜா லூமு, சுல்தான் சலேஹுத்தீன் என்னும் பெயருடன் சிலாங்கூரின் முதல் சுல்தானாக அரியணை ஏறினார். கோலசிலாங்கூரே அவ்வரசின் தலைமையிடம். அக்காலத்தில் நிலத்தை அளந்து கல் நட்டு எல்லை வகுக்கும் வழக்கம் இல்லை. ஆறும் அதன் கிளைகளும் பாயும் பகுதி முழுவதும் ஓர் ஆட்சிப் பகுதியாகக் கருதப்பட்டது. மலைப்புறத்திலிருந்து வரும் ஈயமும் காட்டு விளைபொருள்களும் ஆற்றின் வழியே இறங்கியாக வேண்டும். ஆகவே முகத்துவாரத்தைக் காவல் செய்தவரே வரி தண்டும் உரிமையைப் பெற்றிருந்தார்.

புக்கிட் மலாவத்திக் குன்றின்மேல் கோட்டை எழுந்ததன் காரணமும் இதுவே. 1784-இல் டச்சுக்காரர்கள் அக்கோட்டையைக் கைப்பற்றி, தங்கள் தலைமை ஆளுநர் அல்டிங் பெயரால் ‘அல்டிங்ஸ்பர்க்’ என்று அழைத்தனர். மறு ஆண்டிலேயே இரண்டாம் சுல்தானான சுல்தான் இப்ராஹிம் அதனை மீட்டார். முதல் மூன்று சுல்தான்களின் கல்லறைகள் இன்றும் அக்குன்றின்மீது உள்ளன. 1907-இல் எழுப்பப்பட்ட கலங்கரை விளக்கமும் அங்கேயே நிற்கிறது.

நான்காம் சுல்தானான அப்துல் சமாட் காலத்தில் அரசிருக்கை லங்காட் பகுதிக்குச் சென்றது. 1867 முதல் 1874 வரை நிகழ்ந்த சிலாங்கூர் உள்நாட்டுப் போரும் ஆற்று முகத்துவாரங்களின் வரியுரிமையைச் சுற்றியே மூண்டது எனலாம். அதன் முடிவில் ஆங்கிலேயரின் ரெசிடெண்ட் முறை இம்மாநிலத்தில் நுழைந்தது.

மாவட்டமும் முக்கிமும்

ஆங்கிலேய ஆட்சி பழைய ஆற்று வரைபடத்தை அழிக்கவில்லை. அதன்மீதே தன் கோடுகளை வரைந்தது. கோலாலம்பூர், கிள்ளான், கோல லங்காட், கோலசிலாங்கூர், உலு சிலாங்கூர், உலு லங்காட் என ஆறு மாவட்டங்கள் அமைந்தன. ‘கோல’ என்பது ஆற்றின் வாய், ‘உலு’ என்பது ஆற்றின் தலைப்பகுதி. ஓர் ஆற்றின் இரு முனைகள் இரு மாவட்டங்களாயின என்பதை இப்பெயர்களே உணர்த்தும். பின்னாளில் கோலசிலாங்கூரின் வடபகுதி பிரிந்து சபாக் பெர்ணம் என்னும் தனி மாவட்டமாயிற்று. 1974-இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானபின் பெட்டாலிங், கோம்பாக் ஆகியனவும், அவற்றையடுத்துச் சிப்பாங்கும் தோன்றின. இன்று சிலாங்கூரில் ஒன்பது மாவட்டங்கள் உள்ளன.

இங்கிலாந்தில் கவுண்டி, அதன்கீழ்ப் பாரிஷ் என்னும் பிரிவுகள் உண்டு. பாரிஷ் என்பது தொடக்கத்தில் ஒரு தேவாலயத்தைச் சூழ்ந்த குடிகளின் வட்டமே. தமிழ்நாட்டில் ஜில்லா, தாலுகா, கிராமம் என்னும் வரிசையும், கிராமத்தில் மணியக்காரரும் கணக்கரும் இருந்தனர். இங்கே மாவட்டத்தின் கீழ் முக்கிம் என்னும் பிரிவும், அதற்குத் தலைவராகப் பெங்ஹுலுவும் அமைந்தனர். மாவட்ட அதிகாரியே நிலவரி தண்டும் அலுவலராகவும் விளங்கினார். இந்தியாவில் கும்பினியார் ஏற்படுத்திய ‘கலெக்டர்’ என்னும் பதவிப் பெயர் கடல் கடந்து இந்நாட்டு நில அலுவலகங்களிலும் வழங்கியது குறிப்பிடத்தக்கது.

கோலசிலாங்கூர் மாவட்டத்தில் இன்று ஒன்பது முக்கிம்கள் உள்ளன. அவை: கோலசிலாங்கூர், பசங்கான், ஜெராம், அப்பி-அப்பி, ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, உலு திங்கி, ஊஜோங் பெர்மாத்தாங், தஞ்சோங் காராங். பத்தாங் பெர்ஜுந்தை என்று முதியோர் நாவில் வழங்கும் ஊரே 2007 முதல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் பெற்றது.

‘முக்கிம்’ என்னும் சொல் அரபு மூலமுடையது. ஓரிடத்தில் நிலைத்து வாழ்பவர் என்பது அதன் பொருள். இப்பொருளை மனத்தில் இருத்திக்கொண்டு தோட்டத்து வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

மற்றொரு வரைபடம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மாவட்டத்துக் காடுகள் இரப்பர்த் தோட்டங்களாயின. பத்தாங் பெர்ஜுந்தை அருகே, 1917-இல், பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபொக்கோனியே என்பவர் நாட்டின் முதல் வாணிக எண்ணெய்ப்பனைத் தோட்டத்தை உருவாக்கினார். அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம்! தமிழ்ச் சொல்லொன்று இந்நாட்டு வேளாண் வரலாற்றின் முதற்பக்கத்தில் இடம்பெற்றிருப்பதை எத்தனை பேர் அறிவர்?

கங்காணி முறையில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்க்கு மாவட்டமும் முக்கிமும் காகிதத்திலிருந்த பெயர்களே. அவர்கள் அறிந்த ஆட்சிப் பிரிவுகள் வேறு. தோட்டம் ஒரு நாடு. டிவிஷன் அதன் மாவட்டம். லயம் அதன் தெரு. துரை ஆட்சித் தலைவர்; கிராணி கணக்கர்; கங்காணி ஊர்த் தலைவர். வைகறையில் பெயர் பதியும் பிரட்டுக்களமே அங்கே அரசவை. மருந்து தரும் டிரெஸ்ஸரும், பிள்ளைகளைக் காக்கும் ஆயாக் கொட்டகையும், மாலையில் கூலியை விழுங்கும் கள்ளுக்கடையும் அந்நாட்டின் பொது நிறுவனங்கள். எந்த ஊர் என்று கேட்டால் முதியோர் இன்றும் தோட்டத்தின் பெயரையே சொல்வதன் காரணம் இதுதான்.

இவ்விரு வரைபடங்களையும் இணைத்தவை சில சட்டங்களே. 1907-இல் தோன்றிய குடியேற்றக் குழு, இந்தியத் தொழிலாளரை அழைத்துவரும் செலவுக்காக முதலாளிகளிடம் வரி பெற்று ஒரு நிதியை நடத்தியது. 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறைக்கு முடிவு கட்டப்பட்டது. ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்டத்தில் பள்ளி அமைத்தல் வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. தென்னமரம், ராஜா மூசா, புக்கிட் ஈஜோக், ரிவர்சைட் எனத் தோட்டப் பெயர்களையே தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் இம்மாவட்டத்தில் எழுந்தன. திருநாவுக்கரசரின் திருப்பெயர்களுள் ஒன்றான வாகீசர் என்பதையும் ஒரு பள்ளி சூடிக்கொண்டது. நாடு விடுதலை பெற்ற 1957-இல் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று எஞ்சியிருப்பவை சுமார் 530.

பள்ளிக்குச் சட்டம் வேண்டியிருந்தது. கோயிலுக்கு அதுவும் வேண்டியிருக்கவில்லை. கோயிலின்றிக் குடியிருப்பில்லை என்னும் மரபில் வந்தோர் லயங்களின் அருகே ஒரு மரத்தடியில் கல் நட்டு மாரியம்மனையும் முனீஸ்வரரையும் வழிபட்டனர். துரையின் வாய்மொழி இசைவே அவர்கட்கு ஆணை. கூலியில் பிடித்தம் செய்த சிறுதொகையே கோயில் நிதி. கல் கருவறையாயிற்று, கருவறைக்கு மண்டபமும் வந்தது. ஆனால் நில அலுவலகத்துப் பதிவேட்டில் ஒரு வரியும் மாறவில்லை.

பதிவேடு சொல்வதே உரிமை

இங்கேதான் பக்தர்கள் கருத்தூன்றி அறியவேண்டிய செய்தி ஒன்றுள்ளது. 1858-இல் தென் ஆஸ்திரேலியாவில் தோன்றிய டோரன்ஸ் முறை, 1891-ஆம் ஆண்டின் உரிமைப் பதிவு விதிகள் வாயிலாகச் சிலாங்கூரில் வேரூன்றியது. அதன் சாரம் எளிது: பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர்.

தமிழகத்தில் நெடுங்காலம் ஒரு நிலத்தை அனுபவித்தவர்க்கு அனுபவ பாத்தியம் என்னும் உரிமை உண்டு. இந்தியச் சட்டத்தில் தனியார் நிலத்துக்குப் பன்னிரண்டு ஆண்டு எல்லை உள்ளது. அந்நினைவோடு வந்த முன்னோர், மூன்று தலைமுறை விளக்கேற்றிய இடம் நமதே என்று நம்பியதில் வியப்பில்லை. ஆனால் 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தில் 48-ஆம் பிரிவு, எத்தனை காலம் இருந்தாலும் அரசு நிலத்தில் உரிமை பிறக்காது என்கிறது. 341-ஆம் பிரிவு தனியார் நிலத்துக்கும் அதே நிலையைக் கூறுகிறது. அரசு வழங்கும் தற்காலிகக் குடியிருப்பு உரிமமும் அந்தந்த ஆண்டின் இறுதியோடு காலாவதியாவது. அது பட்டா ஆகாது.

1950-களில் பெருந்தோட்டங்கள் துண்டுகளாக விற்கப்பட்டபோது இதன் விளைவு முதன்முதலாக வெளிப்பட்டது. அதனைத் தடுக்கவே 1960-இல் துன் வீ.தி.சம்பந்தன் தலைமையில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பின்னர் எண்ணெய்ப்பனை, வீடமைப்பு, தொழிற்பேட்டை என நிலத்தின் பயன் மாறிய ஒவ்வொரு முறையும் லயங்கள் காலியாயின. மக்கள் புக்கிட் ரோத்தான், ஈஜோக், கோலசிலாங்கூர் எனப் பட்டணங்களை நோக்கிப் பெயர்ந்தனர். பள்ளியும் கோயிலும் மட்டும் தனித்து நின்றன. புதிய உரிமையாளரின் வரைபடத்தில் அவற்றுக்கு இடமில்லை.

தோட்டங்கள் தனியார் நிலமாதலால் கிராமப்புற மேம்பாட்டுத் திட்டங்களும் நெடுங்காலம் அவற்றின் வாயிலோடு நின்றுவிட்டன. 1930-களில் தஞ்சோங் காராங்கில் அரசு வாய்க்கால் வெட்டி வயல் வகுத்தபோது, அங்குக் குடியேறியோர்க்கு நிலமும் எண்ணும் கிடைத்தன. அதே மாவட்டத்தில் பால்மரம் சீவியவர்க்குக் கிடைத்தது வேலை இருக்கும்வரை தங்கும் வீடு மட்டுமே. நிலைத்து வாழ்பவர் எனப் பொருள்படும் முக்கிமுக்குள், நிலைத்து வாழ்ந்தும் நிலையான இடமின்றி ஒரு மக்கள் கூட்டம் மூன்று தலைமுறையைக் கழித்தது.

இனிச் செய்யத்தக்கது

வரலாறு வருந்துவதற்காக மட்டும் அன்று. கோலசிலாங்கூர் மாவட்ட மன்றம் 2021-இல் நகராண்மைக் கழகமாக உயர்ந்துள்ளது. நகரம் வளர நிலத்தின் விலையும் வளரும். எல்லைக் கற்களும் இடம் மாறும். ஆகவே ஒவ்வோர் ஆலய நிருவாகமும் தன் கோயில் எந்த முக்கிமில், எந்த லாட் எண்ணில், யார் பெயரிலுள்ள நிலத்தில் அமைந்துள்ளது என்பதை மாவட்ட நில அலுவலகத்தில் அறிந்து ஆவணப்படுத்துதல் வேண்டும். சங்கப் பதிவை ஆண்டுதோறும் ஒழுங்காகப் பேணுதல் வேண்டும். நில மாற்றப் பேச்சு எழும் முன்னரே, அது நிகழ்ந்த பின்னர் அன்று, நிலத்தைப் பிரித்துச் சங்கத்தின் பெயரிலோ அறங்காவலர் பெயரிலோ பதிவுசெய்யவும், அரசு ஒதுக்கீடு பெறவும் முயலுதல் வேண்டும். கோபுரத் திருப்பணிக்கு முன் பட்டாத் திருப்பணி நிறைவேறுமாயின், குடமுழுக்குக் கண்ட தலத்தைப் பெயர்க்கும் துயரம் பின்வருவோர்க்கு நேராது.

ஓடக்காரர்கள் மறைந்தும் அவர்தம் பெயரை ஓர் ஊர் காத்து நிற்கிறது. தோட்டத்து மக்களின் பெயரைக் காத்து நிற்பவை அவர்கள் எழுப்பிய கோயில்களும் பள்ளிகளுமே. முன்னோர் கல்லை நட்டுச் சென்றனர். அக்கல் நிற்கும் மண்ணைப் பதிவேட்டில் ஏற்றுவது இத்தலைமுறையின் கடன்.