திருப்போரூர் சட்டமன்றத் தொகுதி

செங்கல்பட்டு மாவட்டத் தொகுதி. காஞ்சிபுரம் மக்களவைத் தொகுதிக்குள் அடங்கும். மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம், கேளம்பாக்கம் ஆகியவை இதன் முக்கிய ஊர்கள். மீனவர் குப்பம், நெல் வயல், பழைய மாமல்லபுரம் சாலையின் ஐ.டி. அடுக்ககம் எல்லாம் ஒரே வாக்காளர் பட்டியலில் வருகின்றன.

முன்பு தனித் தொகுதி. 2006-இல் பாமகவின் மூர்த்தி வென்றார். 2008 மறுசீரமைப்பில் பொதுத் தொகுதியானது. 2016-இல் வென்ற அதிமுகவின் மு. கோதண்டபாணி, டி.டி.வி. தினகரன் பக்கம் நின்றதால் 2017 செப்டம்பரில் சபாநாயகர் தனபால் தகுதிநீக்கம் செய்த 18 பேரில் ஒருவர். உயர் நீதிமன்றம் அதை 2018 அக்டோபரில் உறுதிசெய்தது; இடைத்தேர்தல் வரும்வரை தொகுதி ஓராண்டுக்கு மேல் உறுப்பினரின்றிக் கிடந்தது. 2019 ஏப்ரல் இடைத்தேர்தலில் திமுகவின் இதயவர்மன் வென்றார்.

2021 தேர்தலே இத்தொகுதியின் பெரிய செய்தி. திமுக அணியில் பானைச் சின்னத்தில் நின்ற விசிகவின் எஸ்.எஸ். பாலாஜி, பாமகவின் திருக்கச்சூர் ஆறுமுகத்தை 1,947 வாக்குகளில் முந்தினார். வட தமிழகத்தில் நெடுநாள் எதிரெதிராக நிற்கும் இரு கட்சிகள் நேருக்கு நேர் மோதிய களம் இது. அதிலும் தலித் வேட்பாளர் ஒருவர் பொதுத் தொகுதியில் வெல்வது தமிழகத்தில் அரிது.