மெலனின் செறிவிக்கும் இயக்குநீர்

மெலனின் செறிவிக்கும் இயக்குநீர் என்பது எலும்பு மீன்களின் மூளையில் உருவாகி, தோலில் உள்ள கருநிறமியை ஒடுங்கச் செய்து, மீனை வெளிறிய நிறம் கொள்ளச் செய்யும் ஒரு ஹார்மோன் ஆகும். வெண்மணலின் மேல் நீந்தும் மீன் கருமையாக இருப்பின் மேலிருந்து நோக்கும் பறவைக்கு எளிதில் இரையாகிவிடும். ஆகவே சூழலுக்கேற்ப நிறம் மாறுவது பல மீன்களுக்கு உயிர் காக்கும் வழியாக உள்ளது.

கண்டுபிடிப்பு

இத்தகைய பொருள் ஒன்று மீனின் மூளையில் இருக்கக்கூடும் என்பதைச் சப்பானிய ஆய்வாளர் எனாமி 1955 ஆம் ஆண்டில் கெளிறு வகை மீனொன்றை ஆராய்ந்து முன்வைத்தார். எனினும் 1983 ஆம் ஆண்டில்தான் கவாவுச்சியும் அவருடன் பணியாற்றியவர்களும் சால்மன் மீனின் கபச்சுரப்பியிலிருந்து இதனைப் பிரித்தெடுத்து, இது 17 அமினோ அமிலங்களால் ஆனது எனக் கண்டறிந்தனர். இது ஐப்போத்தலாமசில் உள்ள நரம்பணுக்களில் உருவாகிறது. அங்கிருந்து கபச்சுரப்பியின் பின்பகுதிக்குச் சென்று, பின்னர் குருதியில் கலக்கிறது.

செயற்படும் விதம்

மீனின் தோலில் மெலனின் துகள்கள் நிறைந்த, கிளைத்த வடிவுடைய உயிரணுக்கள் உள்ளன. நிறம் மாறும்போது இவ்வுயிரணுக்கள் சுருங்கி விரிவதாகப் பலர் எண்ணுவர். அது சரியன்று. உயிரணு அப்படியே இருக்க, அதனுள் உள்ள துகள்களே இடம் பெயர்கின்றன. துகள்கள் கிளைகளெங்கும் பரவினால் தோல் கருமையாகும். நடுவில் குவிந்தால் வெளிறும். உயிரணுவினுள் உள்ள நுண்குழல்கள் தண்டவாளம் போல அமைய, அவற்றின் மீது துகள்களைப் புரத மோட்டார்கள் இழுத்துச் செல்கின்றன.

மெலனின் செறிவிக்கும் இயக்குநீர் துகள்களை நடுவிற்கு இழுக்கிறது. இதற்கு எதிராகச் செயற்படுவது கபச்சுரப்பியின் இடைப்பகுதியில் சுரக்கும் மெலனோசைட்டு தூண்டும் இயக்குநீர் ஆகும். இது உயிரணுவினுள் வளைய ஏ.எம்.பி. என்னும் பொருளின் அளவை உயர்த்தித் துகள்களைப் பரப்புகிறது. கபச்சுரப்பி நீக்கப்பட்ட சுறா மீன் வெளிறிப்போவது இவ்விரண்டாம் இயக்குநீரின் வலிமையைக் காட்டும்.

எலும்பு மீன்களில் இவற்றுடன் பரிவு நரம்புகளும் துகள்களைக் குவிக்கின்றன. நரம்பின் விளைவு மிக விரைவானது. இயக்குநீர்களின் விளைவு மெதுவானது, ஆனால் நீடித்து நிற்கும். ஒரே நிறச் சூழலில் பல நாட்கள் வாழும் மீனில் நிறமி உயிரணுக்களின் எண்ணிக்கையே கூடவோ குறையவோ செய்கிறது.

கண்ணின் பங்கு

மீன் தன் சூழலின் நிறத்தை அறிவது கண்ணால்தான். மேலிருந்து வரும் ஒளி விழித்திரையின் கீழ்ப்பகுதியிலும், தரையில் பட்டுத் திரும்பும் ஒளி மேற்பகுதியிலும் விழுகின்றன. இவ்விரண்டின் விகிதத்தையே மூளை கணக்கிடுகிறது. வெறும் ஒளியின் அளவை அன்று. அதனால்தான் மங்கலான வெளிச்சத்திலும் வெண்ணிறத் தொட்டியில் உள்ள மீன் வெளிறியே காணப்படும். டிரவுட் மீன்களை வெண்ணிறச் சூழலில் வைத்தபோது அவற்றின் குருதியில் இவ்வியக்குநீரின் அளவு உயர்ந்தது. பார்வை இழந்த மீன் பெரும்பாலும் கருமையடையும். வெளிறிய கூட்டத்தில் ஒரு மீன் மட்டும் கருத்திருப்பதைக் கண்டு அதன் கண்களில் குறை இருக்கலாம் என மீன் வளர்ப்போர் ஐயுறுவது இதனாலேயே.

பிற விலங்குகளில்

பெயரைக் கொண்டு இதன் பணியை முழுவதும் அறிந்துவிட இயலாது. தவளையின் தோலில் இதே இயக்குநீர் துகள்களைக் குவிப்பதற்கு மாறாகப் பரப்புகிறது. பாலூட்டிகளின் மூளையிலும் 19 அமினோ அமிலங்களைக் கொண்ட வடிவில் இது உள்ளது. எனினும் அங்கு இதன் முக்கியப் பணி நிறம் சார்ந்தது அன்று. எலிகளின் மூளையில் இதைச் செலுத்தியபோது அவை மிகுதியாக உண்டன என்று 1996 ஆம் ஆண்டிலும், இதற்கான மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகள் குறைவாக உண்டு மெலிந்தன என்று 1998 ஆம் ஆண்டிலும் தெரிவிக்கப்பட்டது.

மீன்களிலும் பசிக்கும் இவ்வியக்குநீருக்கும் தொடர்பு காணப்படுகிறது. சப்பானில் மட்சுகாவா எனப்படும் தட்டைமீனை வெண்ணிறத் தொட்டியில் வளர்த்தபோது, கருநிறத் தொட்டியில் வளர்ந்தவற்றைவிட அது விரைவாக வளர்ந்தது. மூளையில் இவ்வியக்குநீரும் மிகுந்திருந்தது. மீன் வளர்ப்போருக்குத் தொட்டியின் வண்ணமும் பொருட்படுத்தத்தக்கது என்பது இதனால் தெரிகிறது. ஆனால் தங்கமீனின் மூளையில் இதைச் செலுத்தியபோது அது உண்பது குறைந்தது. ஆகவே ஒரு மீனில் கண்டதை எல்லா மீன்களுக்கும் பொதுவாக்க முடியாது.