மோட்டார் வண்டியின் நாடி



மனிதனுக்கு உற்ற நோயை அறிய நாடி பிடித்துப் பார்க்கும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. மோட்டார் வண்டிக்கும் இன்று ஒரு நாடி உண்டு. ஓட்டுநரின் இருக்கையில் அமர்ந்து, ஸ்டீயரிங் சக்கரத்துக்குக் கீழே கையை விட்டுத் தடவிப் பார்த்தால், பதினாறு முனைகள் கொண்ட சிறு செருகுவாய் ஒன்று தட்டுப்படும். மெக்கானிக் தம்மிடமுள்ள ஸ்கேனர் என்னும் கருவியை அதில் பொருத்துகிறார். கருவியின் திரையில் ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் தோன்றுகின்றன. இயந்திரம் தன் குறையைத் தானே எடுத்துரைத்துவிட்டது!

ஓ.பி.டி. என்று சுருக்கமாக வழங்கும் இந்த ஏற்பாடு எவ்வாறு தோன்றிற்று, எதன் பொருட்டுத் தோன்றிற்று, அதைப் படிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்னும் மூன்று வினாக்களை இன்று ஆராய்வோம். மும்பையில் வாழும் தமிழர்களுக்கு இது எங்கோ தொலைவில் நிகழ்ந்த கதையன்று. அதன் தடங்களைக் குர்லாவிலும் செம்பூரிலும் தாராவியிலும் காணலாம்.

இயந்திரத்தின் குறையைச் செவியால் அறிந்த காலத்திலிருந்து தொடங்குவோம். மாட்டுங்காவில் 1915ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் ரயில் பெட்டிப் பட்டறையை நேயர்கள் அறிவீர்கள். ரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டே அதில் வெடிப்பு உண்டா இல்லையா என்று கண்டறிவது ரயில்வேத் தொழிலாளர்களின் பழைய வழக்கம். மோட்டார்த் தொழிலிலும் இதே கலை வளர்ந்தது. வால்சந்த் ஹீராசந்த் 1944ஆம் ஆண்டில் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை குர்லாவில் அமைந்திருந்தது. இத்தாலி நாட்டு பியட் 1100 வண்டியை அங்கே செய்தார்கள். 1970களில் அவ்வண்டி பிரீமியர் பத்மினி என்னும் பெயர் பெற்றது. மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சி என்றாலே பல்லாண்டுக் காலம் அது பத்மினியையே குறித்தது.

பத்மினியில் கணினி கிடையாது. காற்றையும் பெட்ரோலையும் கலந்து இயந்திரத்துக்குள் அனுப்பும் வேலையைக் கார்புரேட்டர் செய்தது. மெக்கானிக் வண்டியை ஓடவிட்டு, கார்புரேட்டரின் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்புவார். இயந்திரத்தின் ஓசை சீராகும் இடத்தில் நிறுத்திவிடுவார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்ப்பார். கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் குறைவு, இளம் பழுப்பாக இருந்தால் கலவை சரி. இக்கலையைப் புத்தகம் கற்பிக்கவில்லை. பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் சிறுவனாகச் சேர்ந்து, ஆண்டுகள் பல கழித்து ஆசானாக உயர்ந்தவர்களே இதில் வல்லவர்கள்.

ஆயினும், செவிக்கு எட்டாத குறை ஒன்று உண்டு. கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஓசை சீராக இருக்கும் வண்டியும் அதைக் கக்கக்கூடும். இயந்திரம் நன்றாக ஓடுகிறதா என்பதோடு, அது காற்றைக் கெடுக்கிறதா என்பதையும் கேட்கத் தொடங்கிய நாளிலேதான் நம் வரலாற்றின் அடுத்த பகுதி பிறக்கிறது.

புகையைப் பற்றிச் செம்பூர்வாசிகளுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1950களின் நடுவில் அருகிலுள்ள டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் தோன்றின. மின் நிலையமும் உர ஆலையும் பின்தொடர்ந்தன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2009ஆம் ஆண்டு மதிப்பீடு, செம்பூரைக் கடுமையாக மாசுற்ற தொழிற்பகுதிகளுள் ஒன்றாகக் குறித்தது. ஆலைகள் கக்கிய புகையோடு சாலைகளில் பெருகிய வண்டிகளின் புகையும் சேர்ந்துகொண்டது.

இத்தகைய துன்பத்தை முன்னரே கண்ட நகரம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ். 1943ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு நாள் அந்நகரைப் புகைமூட்டம் சூழ்ந்தது, கண்கள் எரிந்தன. போர்க்காலமாகையால், பகைவர் நச்சு வாயு வீசினரோ என்றுகூட மக்கள் ஐயுற்றனர். பிறகு, ஹாகன்-ஸ்மிட் என்னும் வேதியியல் அறிஞர் உண்மையை வெளிப்படுத்தினார். எரியாமல் வெளியேறும் பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனாக மாறுகின்றன என்பதே அவர் 1950களில் நிறுவிய முடிவு. கலிபோர்னியா மாநிலம் 1966ஆம் ஆண்டில் வண்டிப் புகைக்கு வரம்பு விதித்தது. 1970ஆம் ஆண்டில் அமெரிக்க நாடு முழுமைக்கும் கடுமையான தூய காற்றுச் சட்டம் வந்தது.

இங்கிருந்து ஒன்று மற்றொன்றை ஈன்ற வரிசையைக் கவனியுங்கள். வரம்புக்குள் அடங்குவதற்காக, 1975ஆம் ஆண்டு அமெரிக்கக் கார்களின் புகைக்குழாயில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் என்னும் நச்சுமுறிப்பான் பொருத்தப்பட்டது. மூவகை நச்சுகளையும் அது ஒருங்கே முறிக்க வேண்டுமாயின், ஒரு பங்கு எடை பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு எடை காற்று என்னும் கலவை வழுவாதிருத்தல் வேண்டும். அத்தனை நுட்பம் கார்புரேட்டர்த் திருகுக்கு அடங்காது. எனவே, வெளியேறும் புகையில் எஞ்சியுள்ள ஆக்சிஜனை உணர்ந்து சொல்லும் சென்சார் 1976ஆம் ஆண்டில் வால்வோ கார்களில் இடம்பெற்றது. சென்சார் சொல்வதைக் கேட்டுப் பெட்ரோலைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு கணினி தேவையாயிற்று. கணினி வந்ததும், ஒரு சென்சார் முறைதவறிப் பேசினால் அதைக் குறித்து வைத்துக்கொள்ளும் நினைவும் உடன்வந்தது. பழுதுக் குறியீடு பிறந்த கதை இதுவே.

தொடக்கத்தில் அந்நினைவைப் படித்த முறை வேடிக்கையானது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் 1980களின் வண்டிகளில், செருகுவாயின் இரண்டு முனைகளைச் சிறு கம்பியால் இணைத்தால், ஓட்டுநரின் முன்னுள்ள விளக்கு கண்சிமிட்டும். ஒரு முறை மின்னிச் சற்றே நின்று பின் இரு முறை மின்னினால் அது 12 என்று கொள்ள வேண்டும். தந்தி நிலையத்தில் கட்டு கடகட ஒலியைக் கேட்டு எழுத்தாக்கிய நம் முன்னோரின் தொழிலை இது நினைவூட்டுகிறது அல்லவா?

புதிய வண்டி ஆய்வில் தேறிவிடும். சில ஆண்டுகளில் உறுப்புகள் தேய்ந்து அதன் புகை மிகும். உடையவரோ அதை அறியார். இக்குறையைப் போக்க, வண்டி தன்னைத்தானே கண்காணித்து விளக்கெரித்து அறிவிக்க வேண்டும் என்று கலிபோர்னியா விதித்தது. அவ்விதி 1988ஆம் ஆண்டு வண்டிகளுக்குப் பொருந்திற்று. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு செருகுவாயையும் தனக்கென ஒரு குறியீட்டு மொழியையும் வகுத்திருந்தது. ஒன்றைக் கற்றவருக்கு மற்றொன்று விளங்காது. இதற்கும் சட்டமே வழி கண்டது. அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்தின் 1990ஆம் ஆண்டுத் திருத்தம், செருகுவாய் பொதுவானதாக இருத்தல் வேண்டும் என்றும், உற்பத்தியாளரிடம் மட்டுமே கிடைக்கும் கருவியோ இரகசியக் குறியோ இன்றி அதைப் படிக்க இயல வேண்டும் என்றும் வகுத்தது. 1996ஆம் ஆண்டு முதல் அந்நாட்டின் கார்கள் அனைத்தும் ஒரே மொழி பேசின. ஐரோப்பாவின் பெட்ரோல் கார்கள் 2001ஆம் ஆண்டில் அவ்வழியே வந்தன.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பொது மொழியின் இலக்கணம் சுவை தருகிறது. முதலெழுத்து, குறை வண்டியின் எப்பகுதியில் உள்ளது என்பதைச் சொல்லும். பி என்னும் எழுத்து இயந்திரத்தையும் கியரையும் சேர்த்துக் குறிக்கும். அடுத்த இலக்கம் சுழியமானால் அது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு. ஒன்றானால் அந்நிறுவனத்துக்கே உரியது. எஞ்சிய இலக்கங்கள் குறையின் வகையைச் சுட்டும். பி 0301 என்றால் முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது. பி 0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு. பி 0420 என்றால் நச்சுமுறிப்பானின் திறன் தாழ்ந்துள்ளது. குறை நேர்ந்த கணத்தில் வண்டியின் வேகம் என்ன, இயந்திரத்தின் வெப்பம் என்ன என்பனவும் கூடவே பதிவாகின்றன.

இனி நம் நாட்டுக்குத் திரும்புவோம். 1995ஆம் ஆண்டில் மும்பை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு நச்சுமுறிப்பான் கட்டாயமாயிற்று. ஈயம் அதைக் கெடுத்துவிடுமாதலால் ஈயமற்ற பெட்ரோலும் உடன்வந்தது. 2000ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் ஒழிந்தது. பாரத் ஸ்டேஜ் என்னும் புகை விதிகளின் நான்காம் படி 2010 ஏப்ரலில் மும்பை, சென்னை முதலிய 13 நகரங்களில் நடைமுறைக்கு வந்தபோது, ஓ.பி.டி.யின் முதல் நிலை சட்டமாயிற்று. நடுத்தரக் குடும்பங்களின் செல்ல வண்டியாயிருந்த மாருதி 800 அப்படியைத் தாண்டாமல் அந்நகரங்களின் விற்பனையிலிருந்து விடைபெற்றது. இரண்டாம் நிலை 2013 ஏப்ரலில் வந்தது. 2020 ஏப்ரலில் நாடு ஆறாம் படிக்கு ஏறியபோது, மோட்டார் சைக்கிள்களும் ஓ.பி.டி. விதிக்குள் வந்தன. பத்மினியின் உற்பத்தி இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. 2003ஆம் ஆண்டில் பதிவான கடைசிப் பத்மினி டாக்சி, இருபதாண்டு வரம்பு முடிந்து, 2023 அக்டோபரில் மும்பைச் சாலைகளை விட்டு நீங்கிற்று. செவியால் நாடி பார்த்த காலம் அதனோடு ஏறக்குறைய முடிந்தது எனலாம்.

சட்டம் செருகுவாயைத் தந்துவிட்டது. ஆனால் அதன் வழியே முழுவதையும் படிக்க எல்லாராலும் இயன்றதா? இங்கேதான் தாராவியின் சிறு பட்டறைக்காரர் நம் கவனத்துக்கு உரியவராகிறார். பொதுக் குறியீடுகளை எளிய ஸ்கேனர் காட்டிவிடும். நிறுவனத்துக்கே உரிய குறியீடுகளுக்கும், சில உறுப்புகளை மாற்றியபின் கணினிக்கு அறிவிக்கும் வேலைக்கும் அந்நிறுவனத்தின் தனிக் கருவி வேண்டும். அது கைக்கு எட்டாவிடில், கைத்திறன் எத்துணை இருந்தும் அவர் வாடிக்கையாளரை நிறுவனத்தின் சேவை நிலையத்துக்கே அனுப்ப நேரும். அதனால் பட்டறைக்கு வருவாய் குறையும். டாக்சி ஓட்டிப் பிழைப்பவருக்குச் செலவு மிகும்.

இது குறித்து 2011ஆம் ஆண்டில் தனி மனிதர் ஒருவர் இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டார். ஆணையம் 2014 ஆகஸ்டு 25ஆம் நாள் ஆணை பிறப்பித்தது. உதிரி உறுப்புகளையும் பழுதறி கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தடையின்றிக் கிடைக்கச் செய்யாதது போட்டிச் சட்டத்துக்கு மாறானது என்று கண்டு, 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அவற்றை வெளிச்சந்தையில் கிடைக்கச் செய்யுமாறும் பணித்தது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. 2016ஆம் ஆண்டில் தீர்ப்பாயம் மூன்று நிறுவனங்களின் வழக்கில் ஆணையத்தின் முடிவை ஏற்று, அபராதத்தின் அளவை மட்டும் குறைத்தது. 2022 டிசம்பரில் நடுவண் அரசின் நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கி, அவ்வுரிமைக்கு உட்படும் துறைகளுள் மோட்டார் வண்டியையும் சேர்த்தது.

கருவி கிடைத்துவிட்டால் அனைத்தும் முடிந்ததா? முடியாது. குறியீடு ஒரு சாட்சி. தீர்ப்பு வழங்குவது அதன் வேலையன்று. திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயையும் நோய்க்குரிய காரணத்தையும் தனித்தனியே ஆராயச் சொல்கிறது. மோட்டார் வைத்தியத்துக்கும் அது பொருந்தும். பி 0171 என்று திரை காட்டுகிறது. காற்றுக் குழாயில் விரிசலா, பெட்ரோல் பம்பு வலுவிழந்ததா, காற்றை அளக்கும் சென்சாரில் தூசி படிந்ததா என்பதை அது சொல்லாது. பி 0420 வந்தவுடன் விலையுயர்ந்த நச்சுமுறிப்பானை மாற்றிவிட்டு, புகைக்குழாயின் சிறு கசிவே காரணம் என்று பிறகு அறிந்தால், செலவழித்த பணம் வீண். கசிவின் சீறலைக் கேட்டறியும் பழைய செவிக்கு இன்றும் பட்டறையில் இடம் இருக்கிறது. ஸ்கேனர் தேட வேண்டிய தெருவைக் காட்டும். வீட்டைக் கண்டுபிடிப்பவர் மெக்கானிக்கே.

நேயர்கள் மனத்திற் கொள்ளத்தக்க சில செய்திகள் உண்டு. வண்டியில் இயந்திர விளக்கு எரிந்தால், மெக்கானிக்கிடம் குறியீட்டு எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணைக் குறிக்கும் முன்பே அதை அழிக்க இசையாதீர்கள். அழித்தால், குறை நேர்ந்த கணத்தின் பதிவும் சேர்ந்து அழிந்துபோகும். விளக்கு விட்டுவிட்டு மின்னுமாயின், பெரும்பாலும் எரியாத பெட்ரோல் நச்சுமுறிப்பானைத் தாக்குகிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்து விரைவில் பட்டறையை அடைவது நன்று. உறுப்பை மாற்றச் சொல்பவரிடம், எந்தச் சோதனையால் இதை முடிவு செய்தீர்கள் என்று பணிவாக வினவுங்கள். தொழில் தெரிந்தவர் அதற்கு மகிழ்ந்து விடை கூறுவார்.

பொதுமக்கள் சுவாசிக்கும் காற்றைக் காக்கவே அந்தச் செருகுவாய் பிறந்தது. ஆதலின் அது சொல்லும் செய்தி வண்டியை வாங்கியவருக்கும், அவர் நம்பித் தேர்ந்த பட்டறைக்காரருக்கும் உரியது. தாராவிப் பட்டறையின் மங்கிய விளக்கொளியிலும் அச்செய்தி குறைவின்றிப் படிக்கப்படும்போதுதான் அச்சட்டங்களின் நோக்கம் நிறைவேறும்.