"வலி இல்லை"யா, "வழி இல்லை"யா? தமிழ் விசைப்பலகை வந்த கதை



சென்ற ஆண்டு நம் குடியிருப்பில் நடந்த ஒரு சிறு சம்பவத்தோடு தொடங்குகிறேன். பெரியவர் ஒருவரின் மனைவிக்கு அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு அவர் கைப்பேசியில் ஆங்கில எழுத்திலேயே ஒரு செய்தி தட்டினார்: அம்மாவுக்கு இனி வலி இல்லை. மகன் அதை "இனி வழி இல்லை" என்று படித்துவிட்டார். விமானச் சீட்டு வரை எடுத்த பிறகுதான் விஷயம் தெளிவானது. இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள். அந்த இரண்டு மணி நேரம் சிரிப்பாக இருந்திருக்காது.

தவறு அந்தப் பெரியவருடையது அல்ல. ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எழுத்தைத் தட்டினால் வேறென்ன ஆகும்? தமிழை இயந்திரத்துக்குள் செலுத்துவது எப்படி என்பது நூறு ஆண்டுக் கேள்வி. உங்கள் மேசையில் இருக்கும் விசைப்பலகைக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

அதில் மேல்வரிசை கியூ, டபிள்யூ, இ, ஆர், டி, ஒய் என்று போகிறதல்லவா? அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் கிறிஸ்டோபர் ஷோல்ஸ் என்பவரும் நண்பர்களும் 1868-ல் காப்புரிமை பெற்ற தட்டச்சுப் பொறியிலிருந்து வளர்ந்த வரிசை அது. ரெமிங்டன் நிறுவனம் 1874-ல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பொறியில் பெரிய எழுத்துகள் மட்டுமே உண்டு. அடித்தது என்ன என்பதை அடிக்கும்போதே பார்க்கவும் முடியாது. பொறிகள் போய்விட்டன, வரிசை மட்டும் இன்றும் நம் விரலடியில் நிற்கிறது. விரல் ஒருமுறை பழகிவிட்டால் உலகமே மாறினாலும் மாறாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. நமக்கு 247. அத்தனைக்கும் தனித்தனி விசை வைத்தால் பொறியைத் தூக்க நாலு பேர் வேண்டும். இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் யாழ்ப்பாணத்தில் 1886-ல் பிறந்து, பிழைப்புக்காக மலாயா சென்ற இரா. முத்தையா. கொம்பு, கால், புள்ளி ஆகியவற்றைத் தனித்தனி விசைகளாகப் பிரித்தார். ஒரு கொம்பையும் காலையும் வைத்துக்கொண்டு கெ, கொ, செ, சொ என்று எத்தனையோ எழுத்துகளை அமைக்கலாம். அடுத்து, சில விசைகளை அடித்தால் தாள் நகராதபடி செய்தார். புள்ளி அடித்ததும் தாள் நின்ற இடத்திலேயே நிற்கும். அதன் கீழ் எழுத்து வந்து விழும். கையால் எழுதும்போது புள்ளியைக் கடைசியில் வைக்கிறோம். பொறியில் அதுவே முதலில்.

உங்களில் பலர் தட்டச்சுப் பயிலகத்துக்குப் போனவர்கள். இடது கை விரல்களுக்கு ய, ள, ன, க, ப என்று அடித்து அடித்துப் பழகி, லோயர், ஹையர் தேர்வு எழுதி, அந்தச் சான்றிதழாலேயே அரசு வேலைக்குப் போனவர்கள் நம் குடியிருப்பிலேயே இருக்கிறார்கள். 1978-ல் தமிழக அரசின் எழுத்துச் சீர்திருத்தத்தில் லை, னை போன்றவற்றின் 'தும்பிக்கை' மறைந்ததும் பொறிக்கு இன்னும் வசதியானது.

பிறகு கணினி வந்தது. தொல்லையும் கூடவே வந்தது. தொண்ணூறுகளில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் உள்ளே ஒரு தனிக் குறியீடு. ஒருவர் அனுப்பிய கடிதத்தை இன்னொருவர் திறந்தால், அதே எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் கோணல் மாணலாக ஏதோ தெரியும். விசைப்பலகையும் ஆளுக்கொன்று.

இதைச் சீர்செய்ய 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. அதன் பரிந்துரைகளை ஒட்டி அரசு ஏற்றதுதான் 'தமிழ்99' விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடது கைப்பக்கம். மெய்களில் பெரும்பாலானவை வலது கைப்பக்கம். க அடித்து இ அடித்தால் கி. ஒரே எழுத்தை இருமுறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கே தட்டல். 'பந்து' என்பதற்கு ப, ந, த, உ போதும். நகரத்தை அடுத்துத் தகரம் வந்தால் புள்ளி வேண்டும் என்று அதற்கே தெரியும். முத்தையா வடிவங்களைப் பிரித்தார். தமிழ்99 அதைவிட்டு, நாம் பள்ளியில் படித்த உயிர், மெய், உயிர்மெய் இலக்கணத்தையே விசையாக்கியது.

எழுத்துருச் சண்டையைத் தீர்த்தது யூனிகோடு. 1991-ல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. 2010-ல் தமிழக அரசும் அதை ஏற்றது. அதனால்தான் இன்று நீங்கள் அனுப்பும் தமிழ் எந்தக் கைப்பேசியிலும் தமிழாகவே தெரிகிறது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' போன்ற செயலிகள் கைப்பேசியில் தமிழ் எழுத வழி செய்தன. 2017-ல் கூகுளின் குரல்வழித் தட்டச்சிலும் தமிழ் சேர்ந்தது, பேசினால் எழுத்தாகிறது.

இத்தனை பேர் உழைத்துத் திறந்த கதவு இது. ஆனால் நம் வாட்ஸ்அப் குழுவைப் பாருங்கள். தண்ணீர் லாரி, லிஃப்ட் பழுது, பராமரிப்புக் கட்டணம் எல்லாம் ஆங்கிலத்திலோ ஆங்கில எழுத்துத் தமிழிலோதான். ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் வாய் திறப்பதே இல்லை. சிலர் குரல் செய்தி அனுப்புகிறார்கள். அதைக் கேட்கப் பொறுமை உள்ளவர்கள் எத்தனை பேர்? எழுத முடியாதவரின் புகார் குழுவில் புகாராகவே எண்ணப்படுவதில்லை. கூட்டத்தில் முடிவெடுக்கும்போதும் அவர் குரல் விட்டுப்போகிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவரின் கைப்பேசியில் அமைப்புகளுக்குப் போய், விசைப்பலகை மொழிகளில் தமிழைச் சேர்த்துக் கொடுங்கள். ஐந்து நிமிட வேலை. தட்டச்சு தெரிந்தவருக்கு அவர் பழகிய பழைய தட்டச்சு முறை. புதிதாகக் கற்பவருக்குத் தமிழ்99. விரல் நடுங்குபவருக்குக் குரல்வழி. எது வசதியோ அது. ஆனால் குரல்வழியில் அனுப்பும் முன் ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். லகர ளகர ழகரத்தில் நம் நாக்கு தடுமாறினால் இயந்திரமும் தடுமாறும்.

அந்தப் பெரியவர் இப்போது தமிழ்99-ல் எழுதுகிறார். ழ எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். கீழ்வரிசையில் வலது ஓரம், கேள்விக்குறி இருக்கும் விசை என்று காட்டினேன். அடுத்த இதழுக்கு அவரிடம் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறோம். உங்களிடமும்தான்.