முதலில் எதைப் பிடிப்பது?

அரசு மருத்துவமனையில் ‘டெங்கு எலிசா’ எடுக்கச் சொல்கிறார்கள். 96 சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் நடக்கும் சோதனை அது. ரத்தத்தில் புதிய எதிர்ப்பொருள் இருந்தால் குழியில் நிறம் ஏறும். சில மணி நேரத்தில் முடிந்துவிடும் இந்த வேலைக்கு வழி கிடைக்க அரை நூற்றாண்டு ஆயிற்று.

கதை எலியில் தொடங்குகிறது. மஞ்சள் காய்ச்சல் வைரஸ் வெள்ளைச் சுண்டெலியின் மூளையில் வளரும் என்று 1930-இல் மாக்ஸ் தைலர் காட்டினார். ஒருவரின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை வைரஸோடு கலந்து எலிக்கு ஊசி போடுவார்கள். எலி பிழைத்தால் சீரத்தில் எதிர்ப்பொருள் உண்டு, செத்தால் இல்லை. 1952-இல் புணேயில் தொடங்கிய வைரஸ் ஆய்வு மையமும் இப்படித்தான் ரத்தம் சோதித்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சலின் சுவடு இந்தியர்களின் ரத்தத்தில் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. 1955-இல் வேலூரில் நோயாளிகளும் அடையாளம் காணப்பட்டார்கள்.

எலிக்குப் பிறகு பறவையின் ரத்தம் வந்தது. இந்த வைரஸ்கள் சிவப்பணுக்களைத் திரளவைக்கும். எதிர்ப்பொருள் இருந்தால் திரளாது. இதை வைத்து 1954-இல் ஜோர்டி காசல்ஸும் பிரவுனும் கொசு வைரஸ்களை ‘ஏ’, ‘பி’ என்று பிரித்தார்கள். சிக்குன்குனியா ‘ஏ’. டெங்கு, மஞ்சள் காய்ச்சல், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் மூன்றும் ‘பி’. ஆனால் ஒன்றுக்கு எதிராக உண்டான எதிர்ப்பொருள் அதே கூட்டத்தின் இன்னொன்றையும் பிடித்தது. எந்த வைரஸ் என்று துல்லியமாகச் சொல்ல, 1967-இல் பாங்காக்கின் மருத்துவ ஆய்வுக்கூடம் ஒன்றில் பிலிப் ரஸ்ஸலும் ஆனந்த நிசாலக்கும் டெங்குவுக்கு ஒரு முறை வகுத்தார்கள். செல் படலத்தில் வைரஸ் அரித்த பொட்டுகளைச் சீரம் எவ்வளவு குறைக்கிறது என்று எண்ணும் முறை. நம்பகமானது, ஆனால் பல நாள் இழுக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் காலம். ஐஜிஜி எதிர்ப்பொருள் பல ஆண்டுகள் ரத்தத்தில் தங்கும். அது இருக்கிறது என்பதால் இன்றைய காய்ச்சலுக்கு அந்த வைரஸ்தான் காரணம் என்று சொல்ல முடியாது. அதனால் இரண்டு வாரம் விட்டு இரண்டு முறை ரத்தம் எடுத்து, அளவு நான்கு மடங்கு ஏறியதா என்று பார்த்தார்கள். முடிவு வருவதற்குள் நோயாளி பிழைத்து வீடு போயிருப்பார், அல்லது இறந்திருப்பார்.

புதுத் தொற்றின் சாட்சி ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருள். 1971-இல் ஸ்டாக்ஹோமில் ஈவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மானும் எலிசாவை உருவாக்கியிருந்தார்கள். குழியின் அடியில் வைரஸை ஒட்டி, மேலே சீரத்தை ஊற்றுவது வழக்கம். அங்கே ஐஜிஎம் தோற்றது. பந்தியில் எல்லா இலைகளையும் பழைய உறவுக்காரர்களே பிடித்துக்கொண்டால் புதிதாக வந்தவர் எங்கே உட்காருவார்? வைரஸின் இடங்களை ஐஜிஜி முந்தி நிரப்பியது.

தீர்வு, அடுக்கைத் தலைகீழாக்குவது. மனித ஐஜிஎம்மைப் பிடிக்கும் எதிர்ப்பொருளை முதலில் குழியில் ஒட்டு. சீரம் ஊற்று, ஐஜிஎம் மட்டும் நிற்கும், ஐஜிஜி கழுவலில் போய்விடும். பிறகு வைரஸ் ஆன்டிஜென். கடைசியில் அடையாளம் காட்டும் பொருள். 1979-இல் இது ஹெபடைட்டிஸ் ‘ஏ’வுக்குப் பயன்பட்டது. 1982-இல் டொனால்டு பர்க்கும் நிசாலக்கும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு, கதிரியக்க அடையாளத்தோடு, இந்த வழியைக் கொண்டுவந்தார்கள். முதுகுத்தண்டு நீரிலும் ஐஜிஎம்மைத் தேடினார்கள். அங்கே அது இருந்தால் சண்டை மூளையிலேயே நடக்கிறது என்று பொருள். கதிரியக்கத்தின் இடத்தில் நொதி வந்ததும் சாதாரண ஆய்வுக்கூடங்களும் இதைச் செய்ய முடிந்தது. 1989-இல் நிசாலக் உள்ளிட்ட குழு டெங்கு, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இரண்டின் ஆன்டிஜென்களையும் வைத்துச் சோதித்து, எதற்கு அளவு அதிகம் என்று ஒப்பிடும் முறையை வெளியிட்டது. ஒரே கூட்டத்து வைரஸ்களைப் பிரிக்கும் சிக்கலுக்கு அது ஒரு நடைமுறை விடை. இன்று புணேயின் தேசிய வைராலஜி நிறுவனம் தயாரிக்கும் கிட்டுகள் இந்தத் தலைகீழ் அடுக்கில்தான் இயங்குகின்றன.

ஆனாலும் சிக்கல் முழுதாகத் தீரவில்லை. 2007-இல் பசிபிக்கின் யாப் தீவில் சிலருக்கு டெங்கு ஐஜிஎம் பாசிட்டிவ் வந்தது. பின்னர் தெரிந்த காரணம் அதே கூட்டத்தைச் சேர்ந்த ஜிகா வைரஸ். சந்தேகம் வந்தால் பொட்டு எண்ணும் பழைய முறையிடம்தான் போக வேண்டும். காய்ச்சலின் முதல் சில நாள்களில் ஐஜிஎம் இராது; அப்போது வைரஸின் என்எஸ்1 புரதத்தைத் தேடுகிறார்கள். தேறிய பிறகும் ஐஜிஎம் சில மாதங்கள் தங்கும். ஆகவே ரத்தக் குப்பியோடு போகும் படிவத்தில் காய்ச்சல் தொடங்கிய தேதியை எழுதாமல் விட்டால், குழியில் ஏறிய நிறத்துக்குப் பொருள் சொல்வது கடினம்.