சமம் என்பது அனுமதி ஆகுமா? ஆல்புமினும் சேஃப் ஆய்வும்

2004இல் வெளிவந்த சேஃப் ஆய்வு மனித ஆல்புமினைப் பழியிலிருந்து விடுவித்துவிட்டது என்றே பலரும் வாசித்து வருகின்றனர். ஆல்புமின் பெற்ற நூறு பேரில் ஆறு பேர் கூடுதலாக இறக்கக்கூடும் என்று 1998இன் காக்ரேன் தொகுப்பாய்வு கணித்திருந்தது. சேஃப் அந்த அச்சத்தைப் போக்கியது. ஆகவே மருத்துவர் விருப்பம்போல் வழங்கலாம் என்பது அந்த வாசிப்பின் முடிவு. அச்சம் போனது உண்மை. ‘ஆகவே’ என்ற சொல்லுக்குத்தான் தரவில் இடமில்லை.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் 16 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 6,997 நோயாளிகளிடம் ஆல்புமினையும் உப்புநீரையும் ஒப்பிட்டு நடந்த ஆய்வு அது. 28 நாள்களுக்குள் ஆல்புமின் பெற்றோரில் 726 பேரும் உப்புநீர் பெற்றோரில் 729 பேரும் இறந்தனர். மொத்தத்தில் தீங்கு இல்லை என்பதற்கு இது சான்று. நன்மை உண்டு என்பதற்கும் இதையே சான்றாக்க முடியாது. ஒரு பங்கு ஆல்புமின் மூன்று பங்கு உப்புநீருக்கு ஈடு என்ற பாடநூல் கணக்கும் இங்கே பொய்த்தது. நடைமுறையில் தேவைப்பட்டது ஏறத்தாழ 1.4 பங்கு உப்புநீரே. மனிதப் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கும் பொருளும் உப்பும் நீரும் ஒரே பலனைத் தருமானால், காரணம் சொல்ல வேண்டியவர் விலை கூடியதை எழுதுபவர்தான்.

சேஃப் ஆய்வில், செப்சிஸ் எனும் தீவிரத் தொற்றுநிலைக்கான துணைக்குழுவில் ஆல்புமின் பக்கம் இறப்பு சற்றுக் குறைந்ததே என்பர். அதே ஆய்வின் தலைக்காயத் துணைக்குழுவின் முடிவை நானும் இங்கே சான்றாகக் காட்டவிருப்பதால், அவர்கள் அதைக் காட்டுவதில் தவறில்லை. ஆனால் செப்சிஸை 1,818 பேரிடம் தனியே சோதித்த 2014ஆம் ஆண்டு ஆய்வில் ஆல்புமின் பெற்றோரிலும் மற்றவர்களிலும் இறப்பு முறையே 31.8, 32.0 விழுக்காடு என ஏறத்தாழ ஒன்றாகவே நின்றது. தலைக்காயம் பட்டோரை 24 மாதங்கள் தொடர்ந்து பார்த்தபோதோ ஆல்புமின் பெற்றோரில் 33.2 விழுக்காட்டினரும் மற்றவர்களில் 20.4 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர்.

நம் வார்டுகளில் ஆல்புமின் எழுதப்படுவது பெரும்பாலும் இந்த விவாதங்களைப் பார்த்தன்று. ரத்தப் பரிசோதனைத் தாளில் ‘ஆல்புமின் 2.1’ என்று வரும். மாலைக்குள் உறவினர் ஒருவர் சீட்டுடன் மருந்துக்கடை வரிசையில் நிற்பார். 100 மி.லி. பாட்டில் ஒன்றுக்குப் பல ஆயிரம் ரூபாய். நாளைக்கும் ஒன்று வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். கல்லீரல் சிர்ரோசிஸ் நோயாளிகள் 777 பேரிடம் ரத்தத்தில் உள்ள ஆல்புமின் அளவை உயர்த்திப் பார்த்த 2021ஆம் ஆண்டு பிரிட்டன் ஆய்வில் பலன் கிடைக்கவில்லை. நுரையீரலில் நீர் கோத்தவர்களே அதிகமாயினர். தாளில் உள்ள எண்ணைத் திருத்துவது சிகிச்சையாகாது.

ஆனால் மகோதரத்தில் வயிற்றிலிருந்து ஐந்து லிட்டருக்கு மேல் நீர் எடுத்தால் லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் ஆல்புமின் அவசியம். சிர்ரோசிஸில் வயிற்று நீரில் தொற்று வந்தால் அது உயிர்காக்கும் மருந்து. அங்கே சிக்கனம் பார்ப்பது பிழை.

காரணம் கேட்பது மருத்துவரின் சுதந்திரத்தில் தலையிடுவதாகும் என்ற ஆட்சேபம் நெடிய பதிலுக்குரியதன்று. காரணம் எழுதச் சொல்வது தடை விதிப்பதாகாது. மருந்துச் சீட்டில் ஆல்புமின் என எழுதும் ஒவ்வொருவரும் அதன் கீழே, எந்த நோய்நிலைக்காக என்று ஒரு வரி சேர்த்து எழுத வேண்டுகிறேன்.