பங்கீட்டு அட்டையும் பெருநகரமும்: 1943 முதல் இன்றுவரை

இந்திய நகரங்களின் உணவு வழங்கலில் டிஜிட்டல் கருவிகளின் பங்கைப் பேசுவோர் பெரும்பாலும் கைபேசிச் செயலிகளிலிருந்தே தொடங்குகின்றனர். அவ்வரலாற்றைப் பங்கீட்டு அட்டையிலிருந்து தொடங்குவதே பொருத்தம் எனக் கருதுகிறேன்.

1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது, விலைகள் ஏறின. 1943 மே மாதம் பம்பாயில் பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. போர்க்கால உற்பத்தி தடைபடாதிருக்க நகரத்துக்கு உணவளித்தாக வேண்டும் என்பதே அன்றைய காலனிய அரசின் கணக்கு. அதே ஆண்டில்தான் வங்காளத்தின் சிற்றூர்கள் பஞ்சத்தில் மடிந்தன.

அட்டை ஒரு குடும்பத்தை ஒரு முகவரியோடும் ஒரு கடையோடும் பிணைத்தது. விடுதலைக்குப் பின் 1965இல் இந்திய உணவுக் கழகம் தோன்றியது. பொது வழங்கல் படிப்படியாகச் சிற்றூர்களுக்கும் பரவியது. 1997இல் அது ஏழைகளை இலக்காகக் கொண்ட திட்டமாக மாற்றப்பட்டது. இம்மாற்றங்கள் அனைத்திலும் முகவரிப் பிணைப்பு மட்டும் நீடித்தது. பிழைப்பு தேடி நகரம் புகுந்தவர், ஊரில் அட்டை இருந்தும், நகரக் கடையில் உரிமையற்றவரானார். 2020 பொதுமுடக்கம் இவ்வுண்மையை நாடறியச் செய்தது.

2019 ஆகஸ்டில் நான்கு மாநிலங்களில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ திட்டம் அப்பிணைப்பைத் தளர்த்தியது. 2022 ஜூனில் அசாம் இணைந்ததும் நாடு முழுவதும் நிறைவுற்றது. ஆதாருடன் இணைந்த அட்டை எண்ணை எந்த நியாய விலைக் கடையின் விற்பனை முனையக் கருவியும் சரிபார்க்கும். ஒரு குடும்பத்தின் ஒதுக்கீட்டில் ஒரு பகுதியை நகரத்திலிருப்பவரும், எஞ்சியதை ஊரிலிருப்போரும் பெறலாம். முக்கால் நூற்றாண்டுப் பிணைப்பை அவிழ்த்த இது மெய்யான சாதனை.

ஆயினும் மூன்று வரம்புகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, கணக்கு. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஊரக மக்களில் 75 விழுக்காட்டினரையும் நகர மக்களில் 50 விழுக்காட்டினரையும் உள்ளடக்குகிறது. இவ்விகிதங்கள் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மீது பொருத்தப்பட்டவை. அதன்பின் பெருகிய நகர ஏழைகள் அதில் இல்லை. இ-ஷ்ரம் தளத்தில் பதிந்தும் ரேஷன் அட்டை இல்லாத ஏறத்தாழ 8 கோடிப் பேருக்கு அட்டை வழங்குமாறு 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது இதனால்தான்.

இரண்டாவது, உடல். செங்கல் சுமந்தும் சிமெண்ட் குழைத்தும் தேய்ந்த விரல்களின் ரேகையைக் கருவி எளிதில் ஏற்பதில்லை.

மூன்றாவது, உணவின் தன்மை. மாநில எல்லை கடந்து கிடைப்பது நடுவண் அரசின் அரிசியும் கோதுமையும் போன்ற தானியங்கள் மட்டுமே. தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் தம் நிதியில் தரும் பருப்பும் எண்ணெயும் உடன் வருவதில்லை. சட்டத்தின் முகப்புரை ஊட்டச்சத்துப் பாதுகாப்பைக் கூறுகிறது; கருவியோ தானியத்தின் எடையை மட்டுமே பதிகிறது.

1943இன் அட்டை நகரத்தை முதன்மைப்படுத்தி வரையப்பட்டது. இன்றைய தரவுத்தளம் 2011இன் நகரத்தையே இன்னும் நகரமாகக் கொள்கிறது. விற்பனை முனையப் பதிவுகளை ஆவணமாக வாசிக்கும் ஆய்வு மாணவர்கள், அவற்றில் பதிவாகியுள்ள பரிமாற்றங்களோடு நில்லாமல், எவர் பெயர் அங்கு இடம்பெறவே இல்லை என்பதையும் தேட வேண்டும். நகரப் பசியின் அடுத்த அத்தியாயம் அங்கிருந்துதான் எழுதப்பட வேண்டியுள்ளது.